தெத்துக்கு முன் முடித்த வேலை

என் தம்பி ஜூலுக்கு உத்தியோகம் எலும்பை ஊறவைப்பது. இதைச் சொன்னால் சூப் கடையா என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியில், ஐயா, பெரிய ஆஸ்பத்திரியில்! மனுஷனுடைய எலும்பு!

எலும்பில் கட்டி வந்தால் டாக்டர் அதிலிருந்து ஒரு துண்டு எடுப்பார். அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால்தான் என்ன வியாதி என்று பார்க்க முடியும். எலும்பு அப்படிச் சீவ வருமா? கல் மாதிரி நிற்கும். அதனால் அமிலத்தில் ஊறப்போட்டு, உள்ளே இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து, ரப்பர் மாதிரி ஆக்க வேண்டும். அதற்கப்புறம் மெழுகில் பதிப்பதும் சீவுவதும் வேறு ஆட்கள். ஊறப்போடுவது ஜூல். ஊறிவிட்டதா என்று ஓர் ஊசியால் குத்திப் பார்ப்பான். என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் ஆட்டுக்கறியை முள்கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். "டேய், இது உன் ஆஸ்பத்திரி இல்லடா" என்று கையில் ஒன்று போடுவேன்.

நான் ஒடெட், அவனுக்கு அக்காள். வியட்நாமில், சைகோன் ஒன்றாம் டிஸ்ட்ரிக்டில் ஒரு சந்துக்குள் அடுப்பு வைத்து, இந்திய ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்புகிறேன். சாம்பார், ரசம், வெள்ளிக்கிழமை மீன் குழம்பு. ஆர்டர் எல்லாம் போனில் வரும். சென்னைப் பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கத்திக் கத்தித்தான் என் தமிழ் துருப்பிடிக்காமல் இருக்கிறது. பொறுமை எனக்குக் கிடையாது. இருந்த கொஞ்சமும் போன வருஷத்தோடு போய்விட்டது.

எங்கள் அப்பா காரைக்கால்காரர். பிரெஞ்சு பேங்கில் குமாஸ்தாவாக இங்கே வந்தவர். எழுபத்தைந்தில் சைகோன் விழுந்தபோது எனக்குப் பதினைந்து வயது, ஜூலுக்கு ஒன்பது. பேங்கை மூடினார்கள். ஊருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் வைத்திருந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வீடாகக் கிளம்பிப் போனார்கள். எங்களிடமும் காகிதம் இருந்தது. ஆனால் அப்பாவுக்குப் பக்கவாதம். அவரைத் தூக்கிக்கொண்டு எந்தக் கப்பலில் ஏறுவது? இருந்துவிட்டோம். ஜூல் மீசை முளைத்த வயதில் ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவப் போனான். கழுவின பாட்டிலில் எலும்பு போடச் சொன்னார்கள். அங்கேயே தலை நரைத்தான்.

அவன் கட்டினது ஹுவே என்கிற வியட்நாமியப் பெண்ணை. மார்க்கெட்டில் துணி விற்கிறவள். என்னை 'சி ஹாய்' என்பாள், மூத்த அக்கா என்று அர்த்தம். ரொம்ப நாள் பிள்ளை இல்லை. அப்புறம் பிறந்தவள்தான் ஜூலியேத். தன் பெயரையே வாலை நீட்டிப் பெண்ணுக்கு வைத்துவிட்டான் மகராசன். "உலகத்துல வேற பேரே இல்லையாடா?" என்று கேட்டால் இளிப்பான். பத்தொன்பது வயதில் அவள் என் சாப்பாட்டு டப்பாக்களை மோட்டார்பைக்கில் கட்டிக்கொண்டு பறப்பாள். அவள் பேசும் தமிழ் பாட்டு மாதிரி ஏறி இறங்கும். "அண்ணே, மீன் குலம்பு வந்துச்சி" என்பாள். அதைக் கேட்கவே அந்தப் பையன்கள் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருப்பார்கள்.

அவளுக்குத்தான் வலது முட்டிக்கு மேலே வலி வந்தது. பைக் ஓட்டுகிற வலி என்று ஹுவே பச்சைத் தைலம் தேய்த்தாள். வலி போகவில்லை. வீங்கினது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். அந்தத் துண்டு எங்கே போகும்? ஜூலுடைய அறைக்குத்தான்.

சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும் என்றான். கூட வேலை செய்கிறவன், "நீ வெளியே இரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறான். ஜூல் கேட்கவில்லை.

"என் புள்ளைய எப்புடிக்கா இன்னொருத்தன் கையில குடுப்பேன்?" என்றான் என்னிடம்.

அப்போது தெத் நெருங்கிக்கொண்டிருந்தது. தெத் என்றால் இங்கே வருஷப் பிறப்பு. அதற்கு முன்னால் இந்த ஊருக்கு ஒரு வெறி பிடிக்கும். கடன் வைக்கக் கூடாது, அழுக்கு வைக்கக் கூடாது, பாதி வேலை எதையும் புது வருஷத்துக்குள் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. போனால் வருஷம் முழுக்க அது காலைச் சுற்றும் என்பார்கள். தையல்காரன் பித்தான் வரைக்கும் தைத்து முடிப்பான். நாங்கள் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள்தான், ஆனால் இந்த மண்ணில் பிறந்து இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். என் வீட்டிலும் தெத்துக்கு முன்னால் ஒரு கரண்டி அழுக்காகக் கிடக்காது. ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். ஜாடிகளைக் காலி செய்துவிட்டு, அறையைக் கழுவிப் பூட்டிவிட்டுத்தான் லீவுக்குப் போவார்கள்.

ஊறவைக்க இரண்டு வகை அமிலம் உண்டாம். ஒன்று சாது. அதில் எலும்பு வாரக்கணக்கில் கிடக்கும். இன்னொன்று முரடு. அதில் போட்டால் மறுநாளே இளகிவிடும். அவசரம் என்றால் எல்லா இடத்திலும் முரட்டு அமிலம்தான், அதில் தப்பு ஒன்றும் கிடையாது. தெத்துக்கு முந்தின வாரம் எப்போதும் அதுதான். சாதுவில் போட்டால் ஜூலியேத்தின் துண்டு லீவு முழுக்க ஜாடிக்குள் கிடக்கும். என்ன வியாதி என்று தெரியாமலே புது வருஷம் பிறக்கும். பெற்ற பிள்ளை தலையில் அந்தப் பாதி வேலையை யார் வைப்பார்கள்? "தெத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்று ஹுவே அழுதாள். ஜூல் முரட்டு அமிலத்தை ஊற்றினான்.

முடிந்தது. எலும்புப் புற்றுநோய்தான். மாதாவே, அப்படி ஒரு தெத் எந்த வீட்டுக்கும் வர வேண்டாம். ஆனாலும் வார்டு டாக்டர் ஜூலின் தோளைத் தட்டி, "நல்ல வேளை, முடிவு சீக்கிரம் கையில கிடைச்சுது. லீவு முடிஞ்ச கையோட மருந்தை ஆரம்பிச்சிடலாம்" என்றார். அப்படியே ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாயெல்லாம் புண். என் ரசத்தைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றின பிறகு வார்டு டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் போனேன். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது என்றார். இந்தக் கட்டிகள் சிலவற்றில் ஒரு புரதம் இருக்குமாம், சிலவற்றில் இருக்காதாம். சாயத்தில் பழுப்பாகத் தெரியுமாம். அது நிறைய இருக்கிறவர்கள் பொதுவாகக் கொஞ்ச காலம்தான் இருக்கிறார்கள், இல்லாதவர்கள் நிறையப் பேர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றார். நிறைய இருந்தால் இப்போது கொடுக்கிற மருந்தோடு இன்னொரு புது மருந்தும் சேர்த்துத் தருவார்கள், அது பலிக்குமா என்று பார்க்கத்தான் ஆய்வு என்றார்.

"ஆனா ஒண்ணு, மருந்து உள்ள போறதுக்கு முன்னாடி எடுத்த துண்டுல பாத்தாத்தான் செல்லும். மருந்து போன பிறகு கட்டி மாறிடும். அந்தப் பழைய துண்டு மெழுகுல பத்திரமா இருக்குல்ல, அதை அனுப்பறோம்" என்றார்.

ஹுவே, "இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?" என்று கேட்டாள். டாக்டர், "இல்லாட்டி நல்லது. இருந்தா, ஒரு வழி இருக்கு" என்றார். அன்றைக்கு ஜூலின் முகத்தை நான் கவனிக்கவில்லை.

துண்டு போய், பதில் முதலில் போனில் வந்தது. நிறம் ஏறவில்லை. வார்டு டாக்டர் அவசரக்காரர், நல்ல மனுஷன்தான், ஹுவேயைப் பார்த்ததும், "இல்லை போலிருக்கு, சந்தோஷப்படுங்க" என்று சொல்லிவிட்டார். போதாதா? ஹுவே மார்க்கெட்டிலிருந்து டிராகன் பழமும் கொய்யாவும் கூடை நிறைய வாங்கி வந்து முன்னோர் படத்துக்கு முன்னால் அடுக்கினாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாள். நான் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து பாயசம் வைத்தேன். ஜூலியேத் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, "அத்தை, நான் திரும்ப பைக் ஓட்டுவேன். நீ டப்பா கட்டி வை" என்றாள். எத்தனையோ வாரத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் வீட்டில் சிரிப்புச் சத்தம்.

மத்தியானம் ஜூல் வந்தான். வீட்டுக்குப் போகாமல் நேரே என் அடுப்படிக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"என்னடா, பாயசம் வாசனை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துச்சா?" என்றேன்.

அவன் உட்கார்ந்து, என் காய்கறி நறுக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"துண்டைக் கண்ணாடியில வச்சுப் பாக்கற டாக்டரம்மா கூப்பிட்டாங்கக்கா. அது 'இல்லை' இல்லையாம்."

"என்னடா உளர்ற?"

"கட்டியில மட்டும் இல்லக்கா, சாதாரணமா நிறம் ஏற வேண்டிய இடத்துலயும் ஏறலை. ரத்தக்குழாய்ல எப்பவும் ஏறும். அதுவும் வெள்ளை. துண்டே செத்துக் கெடக்குதாம். எந்த அமிலம் போட்டேன்னு கேட்டாங்க."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவன் என் பாணியிலேயே சொன்னான். "நீ கொண்டக்கடலைக்கு சோடா உப்பு போடுவியே, அவசரத்துக்கு. வெந்துடும். கடலை கடலையாத்தான் இருக்கும். ருசி இருக்குமா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வடிவம் பார்த்து வியாதியைச் சொல்லிவிட்டார்கள், வடிவம் கெடவில்லை. உள்ளே இருந்த புரதம், அது இருந்ததோ இல்லையோ, முரட்டு அமிலத்தில் போய்விட்டது. அந்த ஆய்வும் வராது, புது மருந்தும் வராது. அங்கே ஜூலியேத்தின் வீட்டில் கூடை கூடையாகப் பழம் அடுக்கி வைத்திருக்கிறாள் அவள் அம்மா.

"இன்னொரு துண்டு எடுக்கச் சொல்லுடா!"

"மருந்து உள்ள போயிடுச்சேக்கா."

"அந்த டாக்டரம்மாவுக்கு முன்னாடியே தெரியாதா? அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்ப இந்த ஆய்வே இங்க வரலையே. யாரு கேட்டா புரதத்தை? வியாதி என்னன்னு மட்டும்தான் எல்லாரும் கேட்டோம்."

யாரைத் திட்டுவது என்று தேடினேன். சத்தியமாகத் தேடினேன். திட்ட ஓர் ஆள் கிடைத்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பேன். எதிரே இருந்தது என் தம்பி ஒருத்தன்தான். அமிலம் பட்டுப் பட்டு மஞ்சளாய்ப் போன விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அக்கா, நீ வந்து சொல்லேன். என்னால ஆகாது."

"போடா! நான் ஏன்டா சொல்லணும்?" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்பை அணைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவன் கூடப் போனேன்.

ஹுவே தட்டில் பழம் நறுக்கி வைத்தாள். ஜூல் தொடவில்லை. நான் வாயைத் திறந்தேன். "ஹுவே, அந்த ரிசல்ட் இருக்கே..." அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். எல்லாவற்றையும் தானே சொன்னான், வியட்நாமிய மொழியில், தலையைத் தூக்காமல். ஜூலியேத் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ இருக்கா, இல்லையா?" என்றாள் ஹுவே.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான்தானே முடிச்சிடுங்கன்னு அழுதேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவன், "ஊத்தினது என் கை" என்றான். இரண்டு பேரும் மாறி மாறி இதையே சொன்னார்கள். அந்தப் பிள்ளை நடுவில் புகுந்து, "நான்தான் மா மொதல்ல சொன்னேன். இது என்னன்னு தெரியாம தெத்துக்குப் புதுச் சட்டை போட மாட்டேன்னு நான்தான் சொன்னேன்" என்றது. எனக்குத் தாங்கவில்லை.

"நாசமாப் போச்சு! பழியைத் தூக்கிக்க இப்படி ஒரு போட்டியா? வாயை மூடுங்க எல்லாரும்!" என்று தமிழில் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அப்புறம் நான்தான் முதலில் அழுதேன்.

பழக்கூடையை ஹுவே எடுக்கவில்லை. அது அங்கேயே இருந்து சுருங்கினது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய மருந்தையே கொடுத்தார்கள். கட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வைத்தார்கள். கால் தப்பியது என்று சொன்னார்கள். ஊன்றுகோலோடு என் அடுப்படி வரைக்கும் வந்து, டப்பாக்களில் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். எப்போதாவது, "பா, அது இருந்திருக்குமா?" என்று கேட்பாள். எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். "தெரியாதும்மா" என்பான். பொய்யாவது சொல்லேன்டா பாவி என்று எனக்குத் தோன்றும். எந்தப் பொய்யைச் சொல்வான்? இல்லை என்றால் பிழைப்பாய் என்று அர்த்தம். இருந்தது என்றால் உன் மருந்தை நான் கெடுத்தேன் என்று அர்த்தம்.

மழைக்காலம் முடியும்போது நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. வார்டு டாக்டர் இந்தத் தடவை அவசரப்பட்டு எதுவும் சொல்லவில்லை.

ஜூல் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். எலும்புக் கட்டித் துண்டு எதுவானாலும் இனிமேல் சாது அமிலத்தில்தான் ஊறவேண்டும் என்று டாக்டரம்மா அறையில் உத்தரவு போட்டுவிட்டாள். யாரோ ஒரு பிள்ளைக்கு உதவும் என்றாளாம். யாரோ ஒரு பிள்ளைக்கு! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம் பிள்ளைக்கு?

மறுபடியும் தெத் வந்தது. ஊர் மறுபடியும் பெருக்க ஆரம்பித்தது. ஜூலியேத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தோம். ஹுவே பழக்கதோஷத்தில் திரைச்சீலைகளைக் கழற்றி நனைத்துவிட்டாள். பாதி அறையைத் துடைத்துவிட்டாள். துடைப்பம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டதும் பிள்ளை கையை ஆட்டினாள்.

"மா, போதும். பெருக்காதே. இந்த வருஷம் எதையும் முடிக்காதே."

ஹுவே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அந்தப் பெண் தெத்துக்கு முன்னால் துடைப்பத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. நனைந்த திரைச்சீலை வாளியிலேயே கிடந்தது. என் வீட்டுப் பாத்திரத்தையும் நான் அப்படியே போட்டுவிட்டு வந்தேன். ஜூல் ஆஸ்பத்திரியில் ஒரு ஜாடியைக் காலி செய்யாமல் மூடிவைத்துவிட்டு லீவில் வந்தான். கூட வேலை செய்கிறவன் முணுமுணுத்தானாம். பாதி வேலையாக எல்லாவற்றையும் விட்டுவைத்தால் அவளும் பாதியில் நிற்பாள், போகமாட்டாள் என்று பைத்தியக்காரத்தனமாக நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தெத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். வாளியில் திரைச்சீலை ஊறிக்கொண்டுதான் இருந்தது.

அடக்கத்துக்கு டாக்டரம்மா வந்திருந்தாள். நான் அவளை ஓரமாக இழுத்து, "இப்பவாவது தெரிஞ்சுதா? இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "இருந்தவங்களும் போயிருக்காங்க, இல்லாதவங்களும் போயிருக்காங்க. சொல்ல முடியாதும்மா" என்றாள். நல்ல பெண்தான். அவளை அப்போது அறைய வேண்டும் போல இருந்தது.

லீவு முடிந்து ஜூல் வேலைக்குப் போன அன்றைக்கு எனக்குப் போன் செய்தான். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் விட்டுட்டு வந்தேனே, அந்த ஜாடி. யாரோ ஒரு பையனோடது, பதினாறு வயசாம். இப்ப ஊசியால குத்திப் பாத்தேன்."

"ஊறிடுச்சா?"

"இல்ல. சாது அமிலமாச்சே, இன்னும் கல்லாட்டம் இருக்கு." அவன் மூச்சு போனில் கேட்டது. "அவங்க அப்பா வெளியே நிக்கிறாரு. எப்ப முடியும்னு கேக்கறாரு. என்னக்கா சொல்லட்டும்?"

வெங்காயம் தீய்ந்து வாசனை வந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தேன்.